துக்க வீட்டுக்கு வந்த தட்டுகள்

ஏழாவது தட்டும் அண்ணன் வீட்டுத் தட்டு இல்லை. இது ரெஜினா வீட்டுத் தட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், சுவருக்கு மேலாகவே நீட்டியிருக்கலாம். துக்க வீட்டுக்குப் பலகாரம் தலைவாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று தெருவைச் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அண்ணாச்சி, பல்லு செட்ட மாட்டிட்டீகளா? முந்திரிக்கொத்து வச்சிருக்கேன். பயப்படாதீக, எங்க மாமியா சுட்டதில்ல, நான் சுட்டது. உடையும்" என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும். கனகமணி இருந்தால் சிரித்திருப்பாள், ரெஜினாவின் மாமியாருக்குக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாள். நான் மேசையைக் காட்டினேன். அங்கே வை என்று. வைத்தாள். வைத்துவிட்டு ஏற்கெனவே இருந்த ஆறு தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தாள். தட்டுகளின் மேல் மூடியிருந்த துணியையும் பேப்பரையும் பார்க்கிற மாதிரி, விளிம்புகளைப் பார்த்தாள். "எல்லாரும் குடுத்துவிட்டாகளா அண்ணாச்சி?" எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். "இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள். சும்மா கேட்கிறவள் விளிம்பைப் பார்க்க மாட்டாள். இந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் இன்று காலையிலிருந்து என் மேசை மேல் ஒரு தட்டு வந்துவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது.

பிப்ரவரியில் கனகமணி போனாள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. சபை ஐயர் ஒவ்வொரு டிசம்பரிலும் பிரசங்கத்தில் கேட்பார், வேதத்தில் எந்த அதிகாரத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று. ஆனால் அவருடைய அம்மா இறந்த வருஷம் குருமனையிலிருந்து எண்ணெய் வாசனை வரவில்லை. நாங்கள்தான் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவரும் வாங்கிக்கொண்டார். சுடாத வீட்டுக்குச் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பலகாரம் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் வழக்கம். ஆறு மணி ஆராதனை முடிந்து ஏழரைக்கு வீட்டுக்கு வந்து இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு முதல் தட்டு. இப்போது பத்தே முக்கால். பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்துவிட்டால் எல்லா வீட்டிலும் பிரியாணிக்கு இலை போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரும் தட்டு எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வந்தால் மிச்சத்தைக் கொடுத்த மாதிரி. அப்படியானால் ஒன்றே கால் மணி நேரம். நான் ஏன் நேரத்தைப் பார்க்கிறேன். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றுதானே நினைத்திருந்தேன். அக்டோபரிலிருந்தே அதற்கான வார்த்தையை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் சாப்பிட ஆள் இல்லை என்று சொல்லலாம். எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தலாம். குளிக்கும்போது ஒன்று தோன்றும், நன்றாக இருக்கும். துடைத்துக்கொண்டு வரும்போது மறந்துபோகும். எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு முறை வாசலில் நிழல் விழும்போதும் அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. எச்சில்தான் இருந்தது.

தட்டுகளை ஈ மொய்க்கிறது. எழுந்து போய்ப் பேப்பரைச் சரியாக மூடினேன். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பெயர் வெட்டியிருக்கிறது. நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன்; பேப்பர் எழுத்து ஓடிவிடும், வெட்டின எழுத்து ஓடாது, விரலை வைத்துப் படிக்கலாம். ரெஜினா தட்டில் அவள் மாமனார் பெயர். இது தபால் ஆபீஸ் செல்லையா வீடு. இது என் மைத்துனி வீடு, பெயருக்குக் கீழே வருஷமும் வெட்டியிருக்கிறது. அச்சு முறுக்கு, சீப்பு முறுக்கு, முந்திரிக்கொத்து, மறுபடியும் அச்சு முறுக்கு. ஒரு வீட்டில் மட்டும் சுடச் சோம்பல்பட்டு பேக்கரி மக்ரூன் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள், வாயில் போட்டால் காற்றாகிப்போகிற சாமான். என் மகன் மஸ்கட்டிலிருந்து போனில், "அப்பா, தனியா இருக்காதீங்க, எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு கேக்கு வெட்டுங்க" என்கிறான். யாரையடா கூப்பிடுவேன். இந்தத் தட்டுகளை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏற வேண்டும், ஏறினால் உட்காரச் சொல்வார்கள். அதனால்தான் தட்டு என்பது சாதாரணச் சாமான் இல்லை. ஒருவன் தட்டை வாங்கி வைத்துவிட்டால் அவன் வீட்டுக்குப் போகக் காரணம் கிடைத்துவிடுகிறது. அண்ணன் தட்டு வந்தால் நான் அவன் வீட்டுப் படி ஏற வேண்டிவரும். இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு. நானாகப் போகவில்லை, தட்டைக் கொடுக்கப் போகிறேன் என்று யாரும் கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்க மாட்டார்கள். நானே கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

இருபத்தொரு வருஷம். அண்ணன் மகள் பியூலாவுக்கு நிச்சயம். அண்ணன் பள்ளிக்கூடத்தில் வேதமுத்து சார். நான் உப்பளத்தில் பம்பு ஓட்டுகிறவன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் உப்பளத்துக்காரன் கால் வெளுத்த சட்டைக்குள் மறையாது, பாதம் வெடித்து வெள்ளை பூத்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் என்று சொல்லி ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். டிபன் தட்டு சுற்றி வருகிறது, கேசரி, மிக்சர், வடை. நான் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். என் கையில் தட்டு. அண்ணன் வந்தான். குனிந்தான். என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் மாமன் கையில் கொடுத்தான். நான் எழுந்தேன், செருப்பு மாட்டினேன், வந்துவிட்டேன். அதுதான் நடந்தது. இதை நான் பத்தாயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பம்பு ரூமில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கோயிலில் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது பார்த்திருக்கிறேன். தட்டில் மெதுவடை. இல்லை, பருப்பு வடை, பாதி கடித்தது. பாதி கடித்ததை மாமன் கையில் எப்படிக் கொடுப்பான்? அப்படியானால் கடிக்காத வடை. ஆனால் எனக்கு நாக்கில் சோம்பு வாசனை நினைவிருக்கிறது, கடிக்காமல் எப்படி வாசனை வரும். ஒவ்வொரு தடவையும் இந்த வடையில் வந்துதான் நிற்கிறேன்.

கனகமணி சொன்னாள், அது வடையே இல்லை, பஜ்ஜி என்று. "நீங்க தின்னு முடிச்சிட்டீக. தட்டு காலியா இருந்திச்சு. இன்னொண்ணு வச்சுத் தாரதுக்குத்தான் அத்தான் வாங்கிட்டுப் போனாக. உள்ள வந்து எங்கிட்டதான் சொன்னாக, தம்பிக்கு ரெண்டு வை, அவன் காலையில இருந்து பந்தல்ல நிக்கான்னு. நான் வச்சு எடுத்துட்டு வாரதுக்குள்ள நீங்க நாற்காலியில இல்ல." அப்படியானால் மாமன் கையில் கொடுத்தது எந்தத் தட்டு? "அது வேற தட்டு. ஒரு வீட்டுல ஒரு தட்டுதான் இருக்குமா?" என்றாள். அவள் முதல் தடவை இதைச் சொன்னபோது சட்டியைத் தூக்கி எறிந்தேன். இரண்டாவது தடவை மூன்று நாள் பேசவில்லை. மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை. சாகிறவரை சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்லாமல் இருந்தது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அரிசி புடைக்கும்போது கேட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து அவள் படுத்திருந்தபோது அந்தக் குழாயின் சத்தத்தில் கேட்டது. காலித் தட்டு, காலித் தட்டு. அப்படி இருக்க முடியாது. அப்படி இருந்தால் நான் இருபத்தொரு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தேன். ஒரு மனிதன் அவ்வளவு காலம் ஒரு பஜ்ஜித் தட்டுக்காக உடன்பிறந்தவன் உறவை வெட்டிவிட்டு இருப்பானா. இருக்க மாட்டான். அதனால் தட்டு காலியாக இருந்திருக்க முடியாது. அதில் வடை இருந்தது. சோம்பு வாசனை இருந்தது. எனக்குத் தெரியும்.

அச்சு முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தேன். செல்லையா வீட்டுக்காரர்கள் தேங்காய்ப்பால் ஊற்றவில்லை, முட்டையும் தண்ணீரும் ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். எள் ஒன்று பல் செட்டுக்கு அடியில் போய்விட்டது. நாக்கால் தள்ளத் தள்ள உள்ளே போகிறது. கனகமணி அச்சை முதலில் எண்ணெய்க்குள் விட்டுக் காயவைப்பாள். காயாவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது, ரொம்பக் காய்ந்துவிட்டால் மாவு பட்டதும் உதறிவிடும். மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும், மூழ்கவிட்டால் பிறகு அச்சைவிட்டுக் கழன்று வராது. மேலே மூடிக்கொண்டால் அவ்வளவுதான், இடித்து எடுக்க வேண்டும், பூ உடைந்துபோகும். "உங்கள மாதிரி" என்பாள் கம்பியால் இடித்துக்கொண்டே. நான் கதவோரம் நின்று சுட்டதை எடுத்துத் தின்றுகொண்டிருப்பேன், அதுதான் கிறிஸ்மஸில் என் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகன் ஜெபராஜ் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்த வருஷமும் அப்படித்தான் நின்றேன். அக்டோபரில் செத்தான். இருபத்தாறு வயது. நான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறேன். அடக்கத்துக்குப் போகவில்லை. தெருமுனை டீக்கடையில் நின்று பெட்டி போகிறதைப் பார்த்தேன். கையில் டீ. கடைக்காரன் வானொலியை நிறுத்தினான், நான் டீயைக் குடித்தேன். அந்த டிசம்பரில் கனகமணி மாவு சலித்துக்கொண்டே கேட்டாள், "அக்கா வீட்டுல இந்த வருஷம் சட்டி வைக்க மாட்டாக. ஒரு தட்டு அனுப்பட்டுமா?" அனுப்பினால் தட்டோடு நீயும் அங்கேயே இருந்துவிடு என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. சல்லடையைத் தட்டினாள், மாவு விழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்தவன் அன்றைக்கு எத்தனை முறுக்கு தின்றான் என்று நினைவில்லை.

மணி பதினொன்றே கால். தெருவில் ஸ்கூட்டர் போகிறது, நிற்கவில்லை. பிப்ரவரியில் கனகமணி பெட்டி இந்த ஹாலில் இருந்தபோது, மேசை இருக்கிற இதே இடத்தில், யாரோ வந்து என் காதில் சொன்னார்கள், அண்ணாச்சி, வெளியே பந்தலில் பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று. எனக்குத் தெரியும் யார் என்று. நான் கேட்டேன், "எந்தப் பெரியவர்?" மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன். சத்தம் பெரிதாக வந்துவிட்டது. பாட்டுப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். வாசல் வழியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு வேட்டி, ஒரு கைத்தடி, வேட்டிக்குக் கீழே மெலிந்த கணுக்கால். முகத்தைப் பார்க்கவில்லை, நிலைக்கதவு மறைத்தது. நான் ஒரு அடி நகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த பாட்டு முடிந்து பார்த்தபோது நாற்காலி இருந்தது, வேட்டி இல்லை. அவன் வந்தான். அவன் வந்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் வந்ததும் நான் கேட்டதும் போதும், இனி அவன் எதற்குத் தட்டு அனுப்ப வேண்டும். எந்தப் பெரியவர் என்று கேட்டவன் வீட்டுக்கு எந்தப் பெரியவர் தட்டு அனுப்புவார். இதெல்லாம் தெரிந்தும் காலையில் கோயிலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சன்னலோரம் மூன்றாவது பெஞ்சில்தான் அவன் உட்காருவான், நாற்பது வருஷமாக; மற்ற ஞாயிறுகளில் நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. அங்கே வேறு யாரோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாமதமாக வருவான் என்று நினைத்தேன். அவன் தாமதமாக வருகிறவன் இல்லை, வாத்தியார். எழுபத்தேழு வயது. எனக்கு எழுபது. அதற்குள் கிறிஸ்மஸ் பாட்டு ஆரம்பித்துவிட்டது, எல்லாரோடும் சேர்ந்து எழுந்து நின்றேன், வாயை அசைத்தேன். வெளியே வந்து யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டான் என்று ஆகிவிடும்.

எல்லா வீட்டிலிருந்தும் எண்ணெய் வாசனை வருகிறது. என் வீட்டுக்குள் அது நுழைந்து, இருந்து பார்த்து, சுடாத வீடு என்று தெரிந்து திரும்பிப் போகிற மாதிரி இருக்கிறது. நான் கண்ணை மூடினேனா தெரியவில்லை. "சித்தப்பா" என்று குரல். சித்தப்பா என்று என்னைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். பியூலா. தலையில் நரை. அம்மாடி, இவளுக்கு எப்போது நரைத்தது. நிச்சயத்தன்று கனகாம்பரம் வைத்து உட்கார்ந்திருந்தவள். கையில் தட்டு, மேலே பின்னல் துணி. என் கைகள் எனக்கு முன்னால் நீண்டுவிட்டன. நான் நீட்டவில்லை, அவை நீண்டன. தட்டை வாங்கினேன். கனம் இல்லை, அச்சு முறுக்கு கனக்காது. வந்துவிட்டது. மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. வந்துவிட்டது. உள்ளே எங்கேயோ ஒரு கதவு திறந்து, சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது, வேட்டி எதைக் கட்டுவது, நாளைக்கே போகலாமா, நாளைக்குப் போனால் அவசரமாகத் தெரியுமா, நாளை மறுநாள் போகலாம், இல்லை நாளைக்கே, என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. "வா" என்றேன். "இருக்கட்டும் சித்தப்பா, அப்பாவுக்கு மருந்து குடுக்கிற நேரம். இத மட்டும் குடுத்துட்டு வான்னாக."

நான் விளிம்பில் விரலை வைத்தேன். வே என்று ஆரம்பிக்கும், அந்தக் கொம்பைத்தான் விரல் தேடியது. கொம்பு இல்லை. அ. புள்ளி. க. ன. க. பெயர் வெட்டினவன் தப்பாக வெட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ம. ணி. அ. கனகமணி. என் பெண்டாட்டி பெயர் அண்ணன் வீட்டுத் தட்டில் எப்படி வரும். பியூலா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி தட்டுதான். தம்பி ஜெபராஜ் செத்தான்லா, அந்த வருஷம் கிறிஸ்மஸுக்குக் கொண்டு வந்தாக. நீங்க மத்தியானம் தூங்கின பொறவு, கொல்லைப்பக்கமா வந்தாக. வழக்கத்துக்குப் பன்னெண்டு மணிக்கு மேல தட்டு எடுக்கக் கூடாதுன்னு அதுக்கும் மன்னிப்பு கேட்டாக. அம்மா அவுக மடியில தலைய வச்சு அழுதாக." நான் எப்போது என்று கேட்டேன். அவள் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள், நான் மறுபடியும் எப்போது என்று கேட்டேன். "ஒரு தடவை இல்ல சித்தப்பா. பொறவும் வருவாக. மாசத்துக்கு ஒருக்கா. உங்களுக்குத் தெரியும்னு அம்மா நெனச்சாக, அப்பாதான் சொன்னாக, அவனுக்குத் தெரிஞ்சா இவள வர விடுவானான்னு."

மாசத்துக்கு ஒருக்கா. எட்டு வருஷம். மாசத்துக்கு ஒருக்கா பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்று போவாள், வந்து சோறு வைப்பாள், அவள் சேலையில் வேறு வீட்டு வாசனை இருந்திருக்கும், என் அண்ணன் வீட்டு வாசனை, நான் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பில் உப்பு கூட என்று சொல்லியிருப்பேன். இந்த வீடு அண்ணனோடு பேசாத வீடு என்று நான் நினைத்திருந்தேன். வீடு பேசிக்கொண்டுதான் இருந்தது. நான் ஒருத்தன்தான் வெளியே நின்றிருக்கிறேன். "தட்டை ஏன் அன்னைக்கே குடுக்கல?" என்றேன். கேட்க வேண்டியது அது இல்லை. ஆனால் கையில் தட்டு இருந்ததால் தட்டைப் பற்றிக் கேட்டேன். "அம்மா ஒவ்வொரு தடவையும் சர்க்கரை போட்டு நீட்டுவாக. சித்திதான் வாங்க மாட்டாக. இருக்கட்டும்க்கா, என் பேரு போட்ட தட்டு, எங்க போயிரும், ஒரு நாளைக்கு எங்க வீட்டு அவுகளே வந்து கேட்டு வாங்கட்டும்னுருவாக. அவுகளுக்கு ஒரு காரணம் வேணும்லா, வெறுங்கைய வீசிட்டு வர மாட்டாகன்னு சிரிப்பாக. சித்தி போன பொறவு அப்பா அதத் தலைமாட்டு அலமாரியில எடுத்து வச்சாக. நீங்க வருவீகன்னு."

"அண்ணன் கோயிலுக்கு வரலியே" என்றேன். அண்ணன் என்ற சொல் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அது அவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தது. "அப்பா படுக்கையில விழுந்து ரெண்டு மாசம் ஆச்சே சித்தப்பா. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" யாரும் சொல்லவில்லை. அவன் பெயரை என் முன்னால் எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று தெருவுக்கே தெரியும், யார் சொல்வார்கள். "இனி வீட்டுலயே வச்சுப் பாருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாக. இப்ப ஒரு வாரமா, வீட்டுல இருக்கிற அடுத்தவுக சாமானை எல்லாம் எடுக்கச் சொல்லுதாக. லைப்ரரி புஸ்தகம், பக்கத்து வீட்டு ஏணி, யார் யாருதுன்னு சொல்லி அனுப்பிட்டே இருக்காக. நேத்து இந்தத் தட்ட எடுக்கச் சொன்னாக. இது அவன் வீட்டுத் தட்டு, நான் போயிட்டா யாருதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, குடுத்துட்டு வான்னாக. வெறும் தட்டா குடுக்கக் கூடாதுன்னு அம்மாதான் முறுக்கு வச்சாக." வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்க நினைத்தேன். வேறு ஏதாவது. கோபமாகவாவது. அவள் துணியை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், துணி அவர்கள் வீட்டுத் துணி. "தட்டைத் திருப்பித் தரணும்னு அலைய வேண்டாம் சித்தப்பா. உங்க தட்டுதான்."

அதை அவள் இரக்கத்தோடு சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா, தெரியவில்லை. படி இறங்கினாள். நான் தட்டோடு வாசல் வரைக்கும் வந்தேன். உங்க தட்டுதான். எட்டுத் தட்டில் ஏழு தட்டை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், செல்லையா வீட்டுப் படி ஏற வேண்டும், மக்ரூன்காரர்கள் வீட்டுப் படி ஏற வேண்டும். இது ஒன்றை மட்டும் எந்த வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். அது அவர்கள் அலமாரியில் இருந்தவரைக்கும் எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது, எனக்குத்தான் தெரியாது. இருபத்தொரு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த காரணம் ஒன்பது வருஷமாக அவன் வீட்டில் தயாராக இருந்திருக்கிறது, பெயர் வெட்டி, இரண்டு தெரு தள்ளி. அதை இன்றைக்குக் கொடுத்தனுப்பிவிட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தது வந்துவிட்டது, வந்ததுதான் எல்லாம் முடிந்தது என்று சொல்கிறது. சுடாத வீட்டிலிருந்து நான் பலகாரம் அனுப்ப முடியாது. பிப்ரவரியில் வருஷம் திரும்பும். பிப்ரவரிக்கு இரண்டு மாசம் இருக்கிறது. வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டவன் பிப்ரவரி வரைக்கும் இருப்பானா. வெறுங்கையோடு போகலாம். போய் என்ன சொல்வேன். தட்டு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். தட்டு காலியாக இருந்ததா என்று கேட்கலாம். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு எந்தத் தட்டு என்று கேட்பான். அவனுக்கு அந்த நிச்சயம் நினைவிருக்காது, ஐம்பது பேரில் ஒருத்தன் கையிலிருந்து வாங்கின தட்டு எந்த அண்ணனுக்கு நினைவிருக்கும். இப்போதே போகலாம், இவள் பின்னாலேயே, செருப்புகூடப் போடாமல். கால் நிலைப்படியில் இருக்கிறது. அதை எடுத்து அடுத்த படியில் வைத்தால் போதும். பியூலா ரெஜினா வீட்டைத் தாண்டினாள். மின்கம்பத்தைத் தாண்டினாள். தெரு திரும்புகிற இடத்தில் ஒரு ஆட்டோவுக்காக ஒதுங்கி நின்றாள், நின்றபோது இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது அவள் இல்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கிற தூரம்தான்.